மழலைப் பேச்சுல ரிசர்ச் பண்ண ஆசையா? இங்க ஆரம்பிங்க

லேப் இல்ல, காசு இல்லன்னா முதல்ல சைல்ட்ஸ் (CHILDES) டேட்டாபேஸ பாருங்க, 1984ல ஆரம்பிச்சது, பல மொழிக் குழந்தைங்க பேசுனத ரெக்கார்ட் பண்ணி எழுதி வச்சிருக்காங்க, அதுல தமிழும் இருக்கு (இந்தியாவோட ஆரம்பகாலக் கம்ப்யூட்டர்கள்ல ஒண்ணான டிஃப்ராக்க (TIFRAC) உருவாக்குன டீமோட தலைவர் ஆர். நரசிம்மன் சேகரிச்சது!). கிளான்னு (CLAN) ஒரு சாஃப்ட்வேர், ஓசிதான், நீங்க ஒவ்வொரு வார்த்தையையும் உருபனா (அர்த்தம் தர்ற சின்னச் சின்னத் துண்டா) பிரிச்சு எழுதிக் குடுத்தா ஒரு பேச்சுக்கு சராசரி எத்தன உருபன்னு எண்ணித் தரும். ஆனா 'வந்துட்டேன்'ங்கறத எத்தனையா பிரிப்பீங்க? மண்ட காஞ்சிரும், அதுவே நல்ல டாபிக்.

அப்புறம் இந்தத் துறைல இருக்கற புரொஃபசருக்கு மெயில் போடுங்க, ஆனா சும்மா 'ஆர்வம் இருக்கு'ன்னு இல்லாம 'வாரம் ரெண்டு மணி நேரம் டிரான்ஸ்கிரைப் பண்ணித் தரேன் சார்'னு கேளுங்க. அங்கன்வாடில நீங்களே ரெக்கார்ட் பண்றதா இருந்தா எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் பெத்தவங்க கையெழுத்தும் வாங்காம ஃபோன வெளிய எடுக்காதீங்க.