தெரியாதபோது முடிவெடுப்பது: அரசுகள் சறுக்கிய இடங்கள்

2020 ஏப்ரலில் எங்கள் வீட்டில் பால் பாக்கெட்டைச் சோப்பு போட்டுக் கழுவினோம். கொத்தமல்லிக் கட்டு மஞ்சள் தண்ணீரில் ஊறியது. இன்றைக்குச் சிரிப்பு வருகிறது, ஆனால் அன்றைக்கு அது தப்பில்லை. கிருமி எதில் ஒட்டிக்கொண்டு வரும் என்று தெரியாது, அதனால் கழுவினோம். நஷ்டம் கொஞ்சம் சோப்பு. அரசுகளும் அப்படித் தெரியாமல்தான் முடிவெடுத்தன. அதற்காக அவற்றைத் திட்ட மாட்டேன். அவை தவறியது வேறு இடங்களில்.

“இன்னும் ஆதாரம் கிடைக்கவில்லை” என்பதை “இல்லை” என்று அறிவித்தது முதல் தவறு. 2020 மார்ச் 28-ல் உலக சுகாதார நிறுவனம், கொரோனா காற்றில் பரவாது என்று ட்விட்டரில் அடித்துச் சொன்னது. பிறகு அந்த நிறுவனமே, காற்றோட்டமில்லாத அறையில் அது காற்று வழியே பரவும் என்று ஒப்புக்கொண்டது. இடையில் போன மாதங்களில், கையைக் கழுவச் சொன்ன அளவுக்கு ஜன்னலைத் திறக்கச் சொல்ல ஆளில்லை.

ஏதாவது செய்வதுபோல் காட்டியாக வேண்டும் என்ற தவிப்பு இன்னொன்று. திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் கிருமிநாசினி சுரங்கம் வைத்தார்கள். உள்ளே போகிறவர் மேல் மருந்துத் தண்ணீர் தெளிக்கும். அதைப் பார்த்துப் பல ஊர்களில் வைத்தார்கள். உடம்புக்குள் போய்விட்ட கிருமியை அது ஒன்றும் செய்யாது, கண் எரியும், அவ்வளவுதான். சில நாட்களிலேயே மாநிலப் பொது சுகாதாரத் துறை வேண்டாம் என்றது.

அப்புறம் கோயம்பேடு. சென்னையில் ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று 24-ம் தேதி அறிவித்தார்கள். நடுவில் இருந்தது ஒரே நாள். 25-ம் தேதி சந்தையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கூட்டம். மே 5-ல் சந்தையையே மூடி, காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அதற்குள் ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு தொற்று கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று போய்விட்டது. கிருமியைப் பற்றி அதிகாரிகளுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். நாலு நாள் கடை கிடையாது என்றால் ஜனம் என்ன செய்யும் என்பது எந்த மளிகைக்கடைக்காரருக்கும் தெரியும். அவரைக் கேட்கவில்லை.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது 1976 அமெரிக்கா. நியூஜெர்சியில் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றிக்காய்ச்சல் வந்து ஒரு இளம் சிப்பாய் இறந்தார். கிருமி, 1918-ல் உலகை உலுக்கிய காய்ச்சலுக்குச் சொந்தம்போலத் தெரிந்தது. முகாமைத் தாண்டுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மார்ச் 24-ல் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு, நாட்டில் எல்லோருக்கும் தடுப்பூசி என்று அறிவித்தார். தேர்தல் ஆண்டு வேறு. அந்த அறிவிப்புக்குத் துணையாக, போலியோ தடுப்பூசி புகழ் சால்க், சேபின் இருவரும் வந்திருந்தார்கள் (இருவருக்கும் ஆகாது என்பது தனிக்கதை). ஆபத்து எவ்வளவு என்று விஞ்ஞானி சொல்லலாம். அதைத் தாங்கலாமா என்று சொல்ல வேண்டியவர் ஓட்டு வாங்கி வந்தவர். அவர் விஞ்ஞானியின் முதுகுக்குப் பின்னால் நிற்கக் கூடாது.

அதைவிடப் பெரிய பிசகு, இரண்டு முடிவுகளை ஒரே முடிச்சாகப் போட்டது. மருந்து தயாரிப்பது ஒன்று, போடுவது இன்னொன்று. கோழிமுட்டையில் கிருமியை வளர்த்துத் தயாரிக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால் முதலாவதைத் தள்ளிப்போட வழியில்லை. இரண்டாவதற்கு என்ன அவசரம்? தயாரித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, நோய் தலைகாட்டுகிறதா என்று பார்த்திருக்கலாம். சேபினே அந்த ஆண்டு மனம் மாறி, சேமித்து வைத்தால் போதும் என்று சொல்லத் தொடங்கினார். ஆனால் அதிபர் வாயால் சொல்லியாகிவிட்டது. அக்டோபரில் ஊசி போட ஆரம்பித்தார்கள்; ஃபோர்டும் சட்டைக் கையைச் சுருட்டி கேமரா முன் போட்டுக்கொண்டார்.

4 கோடிப் பேருக்கு மேல் ஊசி போட்டாயிற்று, பயந்த நோய் மட்டும் வரவில்லை. வந்தது, கை கால் செயலிழக்கும் கில்லன் பாரே, போட்டவர்களில் லட்சத்தில் சுமார் ஒருவருக்குக் கூடுதலாக. ஊரெல்லாம் காய்ச்சல் பரவியிருந்தால் அந்த ஒருவரைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். காய்ச்சலே இல்லாதபோது அந்த ஒருவருக்கு என்ன பதில் சொல்வது? டிசம்பர் 16-ல் திட்டத்தை நிறுத்தினார்கள்.