பெக்வே தீவில் முதல் முறை நங்கூரம் இறக்குபவர்களுக்கு

ஆங்கில எழுத்தைப் பார்த்துப் ‘பெக்கியா’ என்று படித்துவிடாதீர்கள், பெயர் பெக்வே. செயின்ட் வின்சென்ட் அண்ட் கிரெனடின்ஸ் நாட்டின் சிறு தீவு. செயின்ட் லூசியாவின் பிட்டன் மலையடிவாரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கடல் மைல். மணிக்கு 6 கடல் மைல் ஓடும் பாய்மரப் படகுக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் பிடிக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம், அப்போது வேண்டாம்.

முதலில் காகிதம். செயின்ட் லூசியாவைவிட்டுக் கிளம்பும் முன் வெளியேறும் அனுமதித் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த நாட்டில் முதலில் கேட்பது அதைத்தான்.

அதிகாலை நான்கு மணிக்கே புறப்படுங்கள். தெரியாத விரிகுடாவில் இருட்டில் நுழையக் கூடாது.

வழியில் செயின்ட் வின்சென்ட் தீவின் லா சூஃப்ரியேர் எரிமலை 1,234 மீட்டர் உயரத்தில் நின்று கொண்டல் காற்றை மறைத்துவிடும். பாய் துவண்டு தொங்கும். எஞ்சினைப் போட வேண்டியதுதான். இந்த அமைதியை நம்பித்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். செயின்ட் வின்சென்டின் தென்முனையைத் தாண்டியதும் நீரிணையில் காற்று அறைகிறது, நீரோட்டம் மேற்கே தள்ளுகிறது. முனை வரும் முன்பே பாயைச் சுருக்கிக் கட்டிவிட்டு, சேர வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கிழக்கே முகப்பை வைத்து ஓட்டுங்கள்.

பெக்வேயில் நாம் நங்கூரம் இறக்கப்போகும் அட்மிரல்டி விரிகுடாவின் வட பக்கத்தில் டெவில்ஸ் டேபிள் என்ற பாறைத்திட்டு இருக்கிறது. குறுக்கு வழி பார்க்காமல் சுற்றிவந்து நுழையுங்கள். இங்கே உள்ளே வரும்போது சிவப்பு மிதவை வலப்பக்கம் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் பழகியவர்களுக்கு இது தலைகீழ்.

இனி நங்கூரம். தண்ணீருக்கடியில் வெளிறித் தெரிவது மணல், கருத்துத் தெரிவது கடற்புல். புல்லில் நங்கூரம் சரியாகப் பிடிக்காது. காற்றை எதிர்த்து மெல்ல வந்து, படகு நின்றதும் மணலில் இறக்குங்கள். ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து படகின் முகப்பு இருக்கும் உயரத்தையும் கூட்டி, அதற்கு ஐந்து மடங்கு சங்கிலி விடுங்கள். பிறகு பின் கியரில் இழுத்துப் பாருங்கள். முதல் முறை நான் அந்த உயரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. நள்ளிரவில் நங்கூரம் பிடி நழுவிப் படகு நகர, பக்கத்துப் படகுக்காரர் டார்ச் அடித்து எழுப்பினார். அதற்குப்பின் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீரில் இறங்கி, நங்கூரம் மணலில் புதைந்திருக்கிறதா என்று பார்க்காமல் நான் தூங்குவதில்லை. கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னாலுள்ள கூரையையும் ஒரே நேர்கோட்டில் குறித்துக்கொண்டால், படகு நகர்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

மஞ்சள் கொடியை ஏற்றுங்கள். ‘இன்னும் அனுமதி பெறவில்லை’ என்பதற்கு அது அடையாளம். மற்றவர்கள் படகிலேயே இருக்க, படகுத் தலைவர் மட்டும் பாஸ்போர்ட்டுகள், படகின் பதிவுச் சான்று, அனுமதித் தாள் ஆகியவற்றுடன் போர்ட் எலிசபெத்தில் உள்ள சுங்க, குடியேற்ற அலுவலகத்துக்குப் போக வேண்டும். கிழக்குக் கரீபியன் டாலர் கொஞ்சம் கையில் இருக்கட்டும். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70. கரைக்குப் போகும் ரப்பர் படகைக் கட்டினால் போதாது, பூட்டுங்கள்.

முத்திரை விழுந்ததும் திரும்பிவந்து மஞ்சள் கொடியை இறக்கி, நீலமும் பொன்னிறமும் பச்சையும் கொண்ட அந்நாட்டுக் கொடியை ஏற்றுங்கள். அதற்குப்பின் எல்லோரும் கரையில் கால் வைக்கலாம்.