எமர்ஜென்சி மெடிசின் படிக்க எந்த நாடு? ஒப்பிடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

எமர்ஜென்சி மெடிசினில், அதாவது அவசர சிகிச்சைத் துறையில், மேற்படிப்பு என்றதும் எல்லாரும் முதலில் பார்ப்பது எத்தனை வருடம் என்பதைத்தான். அமெரிக்காவில் 3 அல்லது 4, இந்தியாவில் எம்.டி. 3, கனடாவில் ராயல் காலேஜ் (ஸ்பெஷலிஸ்ட் சான்று தரும் அமைப்பு) வழியில் 5, பிரிட்டனில் 6. இதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் ஒவ்வொரு நாடும் கணக்கை ஒவ்வோர் இடத்திலிருந்து தொடங்குகிறது. பிரிட்டனில் 2 வருட ஃபவுண்டேஷன் (புது டாக்டர்களுக்கான பொதுப் பயிற்சி) முடித்த பிறகுதான் அந்த 6 ஆரம்பிக்கும்.

அதனால் ஒரு தாளை எடுத்து, எம்.பி.பி.எஸ். முடிக்கும் நாளைப் பூஜ்யமாக வையுங்கள். அங்கிருந்து ஸ்பெஷலிஸ்ட்டாகத் தனியே பொறுப்பேற்கும் நாள் வரை எண்ணுங்கள், பரீட்சைக்குப் படிக்கிற காலம், இடம் கிடைக்காமல் காத்திருக்கிற காலம் உட்பட. வெளியில் படித்தவர் அமெரிக்கா போக யு.எஸ்.எம்.எல்.இ. (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வு), இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் (வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கானது), பிறகு மேட்ச் (பயிற்சி இடங்களை ஒதுக்கும் முறை) என்று ஓட வேண்டும். யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் கட்டமான ஸ்டெப் 1 தேர்வு 2022 முதல் வெறும் பாஸ், ஃபெயில்தான், அந்தத் தேர்வின் மார்க்கைக் காட்டி உள்ளே நுழையும் வழி அடைபட்டுவிட்டது. இப்போது அங்குள்ள எமர்ஜென்சி டாக்டர்கள் உங்களோடு வேலை பார்த்து எழுதித்தரும் மதிப்பீட்டுக் கடிதத்துக்குத்தான் மவுசு, ஆனால் அப்படிச் சில வாரம் அங்கே வேலை பார்க்கும் ரொட்டேஷன் கிடைப்பதே பெரும்பாடு.

சரி, அந்த வருடங்களுக்குள் என்ன இருக்கிறது? பிரிட்டனில் முதல் 2 வருடங்களை எமர்ஜென்சி, அக்யூட் மெடிசின் (திடீர் நோய்களுக்கான பொது மருத்துவம்), அனஸ்தீசியா (மயக்க மருந்துத் துறை), ஐ.சி.யூ. என்று பிரித்துக்கொள்கிறார்கள். ஜெர்மனியிலோ எமர்ஜென்சி தனி ஸ்பெஷாலிட்டியே கிடையாது: வேறொரு துறையில் ஸ்பெஷலிஸ்ட் ஆகி, அதன் மேல் 24 மாதக் கூடுதல் பயிற்சி. அங்கே ஆபத்தான கேஸ் என்றால் டாக்டரே வண்டியேறி நோயாளி இருக்கும் இடத்துக்குப் போவார். பிரான்சிலும் அதே பழக்கம்தான், ஆனால் அங்கே 2017 முதல் தனி ஸ்பெஷாலிட்டியாக 4 வருடப் படிப்பு வந்துவிட்டது.

பாடத்திட்டத்தைப் படித்தால் எல்லா நாடும் அழகாகத்தான் தெரியும். நான் கேட்கச் சொல்வது ஒரே ஒரு கேள்வி. ராத்திரி 2 மணி, மூச்சுத் திணறலோடு ஒருவரைக் கொண்டுவருகிறார்கள், மாஸ்க்கில் ஆக்சிஜன் முழுதாக ஓடியும் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 80 சதவீதத்தைத் தாண்டவில்லை, பேச்சுக் குழறி கண் சொருகுகிறது. மூச்சுக் குழாயில் டியூப் போடுவது யார்? அமெரிக்காவில் பொதுவாக லாரிங்கோஸ்கோப் (டியூப் போட உதவும் கருவி) எமர்ஜென்சி ரெசிடென்ட், அதாவது பயிற்சி டாக்டர், கையில் இருக்கும், தோளுக்குப் பின்னால் அட்டெண்டிங் (பொறுப்பேற்கும் ஸ்பெஷலிஸ்ட்) நிற்பார். பிரிட்டனில் பல இடங்களில் அனஸ்தீசியா அல்லது ஐ.சி.யூ. டாக்டருக்கு போன் போகும், நீங்கள் மருந்தையும் மானிட்டரையும் கவனிப்பீர்கள். இதில் எது சரி என்று சண்டை போட வேண்டியதில்லை, ஆனால் உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கேள்வியைத் துறைத் தலைவரிடம் கேட்காதீர்கள். இரண்டாம் வருட டிரெய்னி ஒருவரைப் பிடித்து, போன மாதம் எத்தனை டியூப் போட்டார், பக்கத்தில் யார் நின்றார் என்று கேளுங்கள்.

வேலை நேரம்: அமெரிக்காவில் எமர்ஜென்சி ரொட்டேஷனில் நோயாளிகளைப் பார்க்கும் டூட்டி வாரம் 60 மணி, வகுப்பு எல்லாம் சேர்த்து 72 என்று உச்சவரம்பு. பிரிட்டனில் சராசரி 48.

கடைசியாக, கையில் வரும் பட்டம் எங்கே செல்லும் என்று பாருங்கள், பலர் சறுக்குவது இங்கேதான். எம்.ஆர்.சி.இ.எம். (பிரிட்டனின் எமர்ஜென்சி மெடிசின் காலேஜ் நடத்தும் தேர்வு) பாஸ் பண்ணினாலே பிரிட்டனில் கன்சல்டன்ட் (தனிப்பொறுப்புள்ள ஸ்பெஷலிஸ்ட்) என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது நடுவில் வரும் ஒரு படிதான், ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். இந்தியாவில் தனியார் மருத்துவமனைகள் நடத்தும் எம்.இ.எம். (மாஸ்டர்ஸ் இன் எமர்ஜென்சி மெடிசின்), தேசிய மருத்துவ ஆணையம் அங்கீகரித்த எம்.டி.யும் அல்ல, டி.என்.பி.யும் (தேசியத் தேர்வு வாரியம் தரும் மேற்பட்டம்) அல்ல. நல்ல பயிற்சி கிடைக்கலாம், ஆனால் பணம் கட்டுவதற்கு முன், பிற்பாடு வேலை பார்க்க நினைக்கிற நாட்டின் மருத்துவ கவுன்சிலுக்கு மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.