முப்பது வயசுல முட்டி வலி: வெயிட் விஷயத்துல பொண்ணுங்க பண்ற தப்புங்க

முட்டி வலியா, அதெல்லாம் அம்மா பாட்டி சமாச்சாரம், நமக்கு இன்னும் டைம் இருக்குன்னு விட்டுடறதுதான் முதல் தப்பு. சென்னை ஓஎம்ஆர்ல ஆபீஸ்ல நாள் முழுக்க சேர்ல உட்கார்ந்துட்டு சாயந்தரம் எழுந்தா முட்டிக்கு முன்பக்கம் பிடிச்ச மாதிரி இருக்கு, மெட்ரோ ஸ்டேஷன்ல படி ஏறும்போதும் இறங்கும்போதும் சுருக்குனு வலிக்குதுன்னு சொல்ற பொண்ணுங்க பல பேருக்கு முப்பது வயசு கூட ஆகலை. இந்த வயசுல இது பெரும்பாலும் தேய்மானம் கிடையாது. முட்டிச் சில்லுக்கும் அதுக்குப் பின்னாடி இருக்கற தொடை எலும்புக்கும் நடுவுல அழுத்தம் ஜாஸ்தியாகி வர்ற வலி, ஆம்பளைங்களை விட பொண்ணுங்களுக்குதான் அதிகம் வருது. தொடையும் இடுப்பும் வீக்கா இருந்து மேல வெயிட்டும் ஏறினா சில்லு பாடு திண்டாட்டம்தான். சரியா எக்ஸர்சைஸ் பண்ணா பல பேருக்கு நல்லாவே குறையும், ஆனா அதுக்குள்ள பக்கத்து வீட்டு அக்கா "முட்டி தேஞ்சு போச்சுடி உனக்கு"ன்னு தீர்ப்பே எழுதிடுவாங்க.

அடுத்தது, இருபது கிலோ குறைச்சாதான் பிரயோஜனம்னு நெனச்சு மலைச்சுப் போய் ஒண்ணுமே ஆரம்பிக்காம இருக்கறது. தேய்மானம் இருந்த, வெயிட் ஜாஸ்தியான வயசானவங்களை வச்சு அமெரிக்கால பண்ண ஒரு ஆராய்ச்சி 2005ல வந்துச்சு, அதுல ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் முட்டி மேல விழற லோடு சுமார் 4 கிலோ குறையுதுன்னு பார்த்தாங்க. அப்போ 5 கிலோவுக்கு 20 கிலோ, அதுவும் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும், ஒரு நாளைக்கு எத்தனை ஸ்டெப் வைக்கறோம்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. அதுக்கும் முன்னாடி, 1992ல, அதே அமெரிக்கால ஃப்ரேமிங்ஹாம்ங்கற ஊர்ல ரொம்ப வருஷமா நடக்கற ஆய்வுல, பத்து வருஷத்துல ஒரு 5 கிலோ குறைஞ்ச பொம்பளைங்களுக்கு வலியோட கூடிய முட்டித் தேய்மானம் வர்ற சான்ஸ் பாதிக்கும் கீழ போயிருந்துச்சு.

ஃபோன் ஆப்ல பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு வெயிட் சரியான்னு பார்க்கற கணக்கு, 24.5னு வந்து பச்சை கலர் காட்டுச்சுன்னா நிம்மதி ஆகிடாதீங்க. 25ல இருந்துதான் ஓவர்வெயிட்ங்கற கோடு வெள்ளைக்காரங்க கணக்கு. இந்தியர்களுக்கு 23லயே ஓவர்வெயிட் ஆரம்பிச்சுடும், 25 தாண்டினா உடல் பருமன். பொண்ணுங்களுக்கு வயித்தைச் சுத்தி அளக்கற இடுப்புச் சுத்தளவு 80 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும், ஒரு டெய்லர் டேப் போதும் பார்க்கறதுக்கு. கொழுப்பு சும்மா பாரமா மட்டும் உட்கார்ந்திருக்கறதில்லை, லெப்டின் மாதிரி கெமிக்கல்களை விட்டு மூட்டுக்குள்ள அழற்சியையும் கிளப்பும். அதான் வெயிட் ஜாஸ்தி இருக்கறவங்களுக்கு, பாரமே தாங்காத கைவிரல் மூட்டுலயும் தேய்மானம் கொஞ்சம் அதிகமா வருது.

இப்போ இருக்கறதுலயே பெரிய தப்புக்கு வரேன், பட்டினி. கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கு, இல்ல பிரசவம் முடிஞ்சு ஏறின வெயிட் இறங்கலைன்னு காலைல க்ரீன் டீ, மதியம் ரெண்டு வெள்ளரிக்கா, நைட் ஒண்ணுமில்லைன்னு ஆரம்பிப்பாங்க, மெஷின்ல நம்பர் இறங்கும்தான், ஆனா அதுல கொழுப்பு மட்டும் போகலை, தொடைத் தசையும் சேர்ந்து போகுது. முட்டியைத் தாங்கறதே அந்தத் தசைதான். அப்புறம் பழையபடி சாப்பிட ஆரம்பிச்சதும் கொழுப்பு சுலபமா திரும்பிடும், போன தசை அவ்வளவு சீக்கிரம் வராது. என்னைக் கேட்டா, சோத்தைப் பாதியாக்கி, கூட்டு பொரியல் கூட்டி, முட்டையோ சுண்டலோ மீனோ தெனமும் ஏதாவது ஒண்ணு சேர்த்துக்கிட்டு, மாசம் ஒண்ணு ரெண்டு கிலோ குறைஞ்சாலே தாராளம். என்ன பண்ணாலும் வெயிட் அசையலை, பீரியட்ஸும் தள்ளிப் போகுதுன்னா வில் பவர் இல்லைன்னு உங்களையே திட்டிக்காம தைராய்டு டெஸ்ட்டும் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) செக்கப்பும் பண்ணிடுங்க.

எக்ஸர்சைஸ்ல ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. ஒரு செட்டு, நாளைலேர்ந்து திருந்தறேன்னு சொல்லி நேரா பெசன்ட் நகர் பீச் மணல்ல ஓடுவாங்க, இல்ல வீடியோ பார்த்து ஜம்பிங், ஸ்கிப்பிங். இன்னொரு செட்டு வலிக்குதேன்னு அசையவே மாட்டாங்க. மூட்டுல எலும்பு முனையை மூடியிருக்கற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது, நடக்கும்போது அமுங்கி விரியறப்பதான் பாத்திரம் தேய்க்கற ஸ்பாஞ்ச் மாதிரி மூட்டுத் தண்ணியை உறிஞ்சி அதுக்கு ஊட்டம் கிடைக்குது, அதனால ரெஸ்ட்டுன்னு மாசக்கணக்குல உட்கார்ந்தா நஷ்டம்தான். நாகேஸ்வர ராவ் பார்க் மாதிரி சமதளமா இருக்கற எடத்துல கொஞ்ச நேரம் நடங்க. கூடவே வாரத்துல ரெண்டு மூணு நாள், மல்லாக்கப் படுத்து காலை நீட்டித் தூக்கறது, முட்டியை மடிச்சு வச்சு இடுப்பைத் தூக்கறது, கையை ஊணாம சேர்ல உட்கார்ந்து எழறது, இதெல்லாம் பண்ணுங்க. வெறும் வாக்கிங் மட்டும் போய்ட்டு முட்டி சரியாகலைன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி. பண்ணும்போது லேசா வலிச்சா பரவாயில்லை, மறுநாளும் வலி இருந்தா அளவைக் குறைச்சுக்கோங்க.

முட்டிக்கு கேப் போட்டுட்டா வேலை முடிஞ்சதுன்னு இருக்கறதும், மெடிக்கல் ஷாப்ல டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வாங்கி வாரக்கணக்குல முழுங்கறதும் வேணாம், வயிறும் கிட்னியும் சேர்ந்து கெடும்.

எல்லா வலியையும் வெயிட் தலையில கட்டறதும் தப்புதாங்க, டாக்டருங்களே சில பேர் "வெயிட் குறைங்கம்மா"ன்னு ஒரே வரியில அனுப்பிடறாங்க, அப்படி சொன்னா முட்டியைத் தொட்டுப் பார்த்து சொல்லுங்கன்னு தயங்காம கேளுங்க. காலைல எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல மூட்டு இறுக்கமா இருக்கு, கைவிரலும் வீங்குதுன்னா முடக்குவாதமா (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) இருக்கலாம், அது பொண்ணுங்களுக்கு சின்ன வயசுலயே வரும், ஒல்லியா இருந்தாலும் வரும். சிக்குன்குனியா வந்து போனவங்கள்ல சில பேருக்கு மூட்டு வலி மாசக்கணக்குல நீடிக்கும். ஸ்கூட்டியிலேர்ந்து விழுந்த பிறகு முட்டி லாக் ஆகுது, திடீர்னு மடங்கி விடுதுன்னா ஜவ்வு கிழிஞ்சிருக்கான்னு பார்க்கணும். முட்டி சிவந்து சூடா வீங்கி கூடவே காய்ச்சலும் அடிச்சா அன்னிக்கே ஆஸ்பத்திரி. இது எதுவும் இல்லாம வெறும் வலி மட்டும்தான்னா ஸ்கேனுக்குக் காசு கொட்டறதுக்கு முன்னாடி ஒரு நல்ல பிசியோகிட்ட போய் எந்தத் தசை வீக்குன்னு பார்த்துடுங்க, ப்ரைவேட்ல கட்டுப்படியாகலைன்னா சென்ட்ரல் எதிர்ல ஜிஹெச்லயும் பிசியோதெரபி இருக்கு, ஓபி சீட்டு காலைலயே வாங்கிடணும்.