தூண்டிலில் பேர் தெரியாத உயிர் ஏறினால்

கன்னியாகுமரி மாவட்டக் கரையில் நீரோடி தொடங்கி இரையுமன்துறை வரை நம்ம எட்டு ஊர்ப் போட்டுகளில் புதிதாக ஏறும் பையன்களுக்காக இதை எழுதுகிறேன். 200 பாகத்துக்கு (சுமார் 365 மீட்டர்) கீழே, நீளக் கயிற்றில் வரிசையாகக் கொக்கி கட்டிய ஆயிரங்கால் தூண்டில் விட்டால், சில நேரம் போட்டை ஓட்டும் சிராங்குக்கே பேர் தெரியாத ஒன்று கொளுவி வரும். விலை போகாது என்று காலால் தள்ளிவிடாதே மக்கா. பிளானோநேசஸ் இண்டிகஸ் என்ற சின்னச் சுறாவை 2018-ல் புது இனம் என்று எழுதினார்கள். அது மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கிய குவியலில் கிடைத்த சுறா.

முதலில் போட்டோ. ஈரம் காயும் முன் எடு, ஐஸில் போட்டபிறகு நிறம் போய்விடும். தலை இடப்பக்கம் வர மீனைக் கிடத்தி, பக்கத்தில் ஸ்கேலை வை. ஸ்கேல் இல்லையா, கத்தியை வை, கரைக்கு வந்ததும் அந்தக் கத்தியை அளந்துகொள்ளலாம். வாய், வயிறு, முதுகு முள் எல்லாம் தனித்தனியாக எடு. நல்ல தண்ணீரில் கழுவாதே, கடல் தண்ணீர் போதும். வயிறு வாய்வழியே பிதுங்கி வந்திருந்தால் உள்ளே தள்ளவும் வேண்டாம். மேலே வரவர அழுத்தம் குறைந்து காற்றுப்பை ஊதியதால் வந்தது அது.

அடுத்தது சீட்டு. இதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஜிபிஎஸ் காட்டும் இடம், தேதி, நேரம், தூண்டில் விட்ட ஆழம், எக்கோ சவுண்டர் காட்டிய தரை ஆழம் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி, மாதிரி வைக்கும் பாட்டில் அல்லது பைக்கு உள்ளேயே போடு. பேனா மை, சதை கெடாமலிருக்க ஊற்றும் ஸ்பிரிட்டில் (ஆல்கஹால்) கரைந்து ஓடிவிடும். இடம் தெரியாத மீனை ஆய்வுக்காரர்கள் வாங்குவார்கள், ஆனால் பாதி உபயோகம் போய்விட்டது.

சதை எடுப்பதானால் வலப்பக்கம் எடு, இடப்பக்கம் படத்துக்கு வேண்டும். கட்டைவிரல் நகம் அளவு போதும். அதைப்போல் பத்து மடங்கு ஸ்பிரிட் இருக்கவேண்டும். ஃபார்மலின் வேண்டாம், மரபணுவைக் கெடுத்துவிடும். ஸ்பிரிட் இல்லையென்றால் பையில் கட்டி ஐஸின் மேலேயே வை. சூரை மீன் குவியலுக்கு அடியில் போட்டால் கரைக்கு வரும்போது கூழ்தான்.

நகம் அளவு எதற்குக் காணும் என்று கேட்பாய். நியூசிலாந்துக் கடலில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில் இருந்து ஒரு டன் கடற்பஞ்சு வாரினார்கள். அதில் கிடைத்த ஹாலிகாண்ட்ரின் பி என்ற விஷப்பொருள் வெறும் 310 மில்லிகிராம். பிறகு வேதியியல்காரர்கள் அதன் அமைப்பைப் பார்த்து ஆய்வகத்திலேயே எரிபுலின் என்ற மருந்தைச் செய்தார்கள். 2010-ல் மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஓடி ஒளிய முடியாத கடற்பஞ்சு விஷத்தால் தன்னைக் காத்துக்கொள்கிறது, அந்த விஷம்தான் நமக்கு மருந்து. மருந்துக்கு வேண்டியது மூட்டை இல்லை, துணுக்கும் அதன் விலாசமும்தான்.

சுறா ஈரல் கதை வேறு. பச்சைக் கண்ணும் முதுகு முள்ளும் உள்ள ஆழ்கடல் சுறாவின் ஈரல் எண்ணெயில் ஸ்குவாலின் என்ற எண்ணெய்ப் பொருள் நிறைய. சில ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசிகளில் அது சேர்கிறது. ஈரல் காசு நம்ம ஊரில் பல வீட்டைக் கட்டியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுறா ஒரு ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டிதான் போடும், வளரவும் வருடக்கணக்கு. ஆலிவிலும் ஸ்குவாலின் இருக்கிறது. இப்படியே அள்ளினால் நம்ம பிள்ளைகளுக்கு மிஞ்சாது என்பது என் எண்ணம்.

பவளம், கடல் விசிறி, கடல் அட்டை வந்தால் படமும் இடமும் மட்டும் குறித்துவிட்டுக் கடலிலேயே விடு. 1972 வனவிலங்குச் சட்டத்தில் மாட்டுவாய்.

கரைக்கு வந்ததும் விழிஞ்ஞத்திலோ கொச்சியிலோ உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கொடு. வெளிநாட்டுக் கம்பெனிக்கு என்று துறைமுகத்தில் எவனாவது காசு நீட்டினால் கொடுக்காதே. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி அதற்குச் சென்னையில் உள்ள தேசிய ஆணையத்தின் அனுமதி வேண்டும். நிலையத்தில் கொடுத்த மாதிரிக்குப் பதிவு எண் போட்டால், அதைக் கேட்டு வாங்கி, போட்டில் இருக்கும் நோட்டில் எழுதிவை.