ஆவியும் துப்பறிவாளரும்: வடசென்னையில் ஒரு காதல் மர்மக் கதை எழுதும் முறை

ஆவியைக் காதலிக்கும் துப்பறிவாளரின் கதையை எழுத உட்காரும்போது, ஆவியால் எது முடியாது என்பதையே முதலில் முடிவுசெய்ய வேண்டும். எல்லாம் அறிந்த ஆவி முதல் அத்தியாயத்திலேயே கொலையாளியைக் காட்டிக்கொடுத்துவிட்டால், துப்பறிவதற்கு எதுவும் மிஞ்சாது. இறந்தவளுக்குக் கடைசி ஒரு மணி நேரம் நினைவில் இல்லை என்றோ, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி அவளால் வர இயலாது என்றோ ஒரு விதியை வகுத்துக்கொண்டு, இறுதிவரை அதை மீறாதீர்கள். 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையமும் ஆசை காட்டும்; ஆனால் பழைய கட்டடத்தில் பேய் என்பது சலித்துப்போன சங்கதி.

காவல்துறை நடைமுறையிலும் கறார் தேவை. சந்தேக மரணம் இன்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் பதிவாகும். 2024 ஜூலைக்கு முந்தைய கதையென்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு. ஆவியின் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது உங்களுக்குக் கிடைத்த வரம்: அவள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் நாயகர் தனியே ஒரு தடயத்தைத் தேடியாக வேண்டும்.

தொட முடியாத காதலைச் சிறு பொருள்களின் வழியே காட்டுங்கள். விடியுமுன் மீன் ஏலம் நடக்கிறது; ஐஸ் பெட்டிகளுக்கிடையே நிற்கும் அவருடைய கையிலிருக்கும் தேநீரில் மட்டும் ஆவி பறப்பது சட்டென நின்றுபோகிறது. அவர் திரும்பிப் பார்க்காமலேயே சற்று நகர்ந்து, பக்கத்தில் ஒருவர் நிற்க இடம் விடுகிறார்.