எந்த வலிக்கு எந்த மசாஜ்: தேர்ந்தெடுக்கும் முறையும் வீட்டில் செய்யும் முறையும்

மசாஜ் செய்துகொள்ள நினைப்பவர்கள் இடத்தையும் கட்டணத்தையும் விசாரிக்கும் அளவுக்குத் தங்கள் உடம்பின் குறைக்கு எந்த முறை ஏற்றது என்பதை விசாரிப்பதில்லை. நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து இறுகிப்போன தோள்பட்டைக்கும், மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீர் கோத்து வீங்கிய கைக்கும் ஒரே அழுத்தம் பொருந்தாது. முதலாவதற்கு இதம் தரும் அழுத்தம் இரண்டாவதற்குத் தீங்காக முடியும். ஆகவே வலி எங்கே இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, அசைத்தால் கூடுகிறதா, கூடவே வீக்கமோ மரத்துப்போதலோ உண்டா என்பவற்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். முறையைத் தேர்ந்தெடுப்பது அதன் பிறகுதான்.

இதுவரை மசாஜ் செய்து பழக்கமில்லாதவர்கள் ஸ்வீடிஷ் மசாஜில் தொடங்குவது நல்லது. நெதர்லாந்து மருத்துவரான யோஹான் கியோர்க் மெட்ஸ்கர் 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் ஆகிய அசைவுகளே இதற்கு அடிப்படை. அழுத்தம் மிதமாகவே இருக்கும். உடல் அசதியும் மன இறுக்கமும் தளர்ந்து பலருக்கு அன்றிரவு நல்ல உறக்கம் வரும்.

ஆழ்திசு மசாஜ் இதிலிருந்து வேறானது. நாள்பட்ட இறுக்கத்தால் முடிச்சுப்போல் திரண்ட தசைகளை விரல் மூட்டாலும் முழங்கையாலும் மெதுவாக, ஆழமாக அழுத்தித் தளர்த்துவார்கள். ஓட்டப்பந்தய வீரர்களுக்கும் பாரம் தூக்குபவர்களுக்கும் இது உதவும். செய்துகொண்ட பிறகு ஓரிரு நாள் லேசான வலி இருப்பது இயல்பு. ஆனால் உடம்பெங்கும் கன்றிப்போனால்தான் வேலை நன்றாக நடந்தது என்று நினைப்பது தவறு. பூச்சியத்திலிருந்து பத்து வரை உள்ள அளவுகோலில் வலி ஆறைத் தாண்டினால் தசை தளர்வதற்குப் பதிலாக மேலும் இறுகிக்கொள்ளும், எனவே தயங்காமல் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை மசாஜ் வெளியேற்றும் என்று விளம்பரங்களில் சொல்வதையும் நம்ப வேண்டாம். உடற்பயிற்சி முடிந்த சிறிது நேரத்திலேயே உடம்பு அதைத் தானாகவே அகற்றிவிடுகிறது.

தாய்லாந்து மசாஜில் எண்ணெய் கிடையாது. தளர்வான உடையுடன் தரையில் விரித்த மெத்தையில் படுக்கவைத்து, உடம்பை அழுத்தியும் இழுத்தும் வளைத்தும் விடுவார்கள். பாங்காக்கின் வாட் போ ஆலயத்தை முக்கியப் பயிற்சியிடமாகக் கொண்ட இக்கலையை 2019இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மூட்டுகள் விறைத்தவர்களுக்கு இது நல்ல பயன் தரும், ஆனால் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். ஜப்பானின் ஷியாட்சுவும் எண்ணெய் இல்லாத முறைதான். கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் நேராக அழுத்துவது அதன் இயல்பு.

மிக மென்மையானது, உடல் திசுக்களில் சேரும் நிணநீர் என்னும் திரவத்தை வடியவைக்கும் நிணநீர் வடிகால் மசாஜ். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் தம்பதியர் 1930களில் உருவாக்கிய இம்முறையில், தோலைத் தசைமேல் லேசாக நகர்த்தும் அளவு அழுத்தமே போதும். நிணநீர்க் கணுக்களை அகற்றியதால் வீங்கிய கைக்கும் காலுக்கும் இதை இறுக்கக் கட்டுடன் சேர்த்துச் செய்வது வழக்கம். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டைத் தவிர வேறு எவரிடமும் இதைச் செய்துகொள்ள வேண்டாம்.

நம் சித்த மருத்துவம் 32 வகைப் புறமருத்துவங்களில் ஒன்றாகத் தொக்கணம் என்னும் மசாஜ் முறையை வைத்திருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதன் செய்கைகள் ஒன்பது. நோய்க்கு ஏற்ப வாதகேசரித் தைலம், உளுந்துத் தைலம் போன்றவற்றைக் கொண்டும், தைலமே இல்லாமலும் செய்வார்கள். இடுப்பு வலி, மூட்டு வலி, பக்கவாதத்துக்குப் பிந்தைய தசை விறைப்பு ஆகியவற்றுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற அரசு மருத்துவமனைகளில், மருத்துவர் பரிசோதித்த பிறகு இச்சிகிச்சையைப் பெறலாம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கீழே விழுந்து கை வீங்கியவுடன் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு உருவிவிடும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. எலும்பு முறிந்திருந்தால் உருவுவதால் முறிவு விலகும். முழங்கையில் அடிபட்ட பின் தேய்த்தால், தசைக்குள் எலும்பு வளர்ந்து கையை நீட்டவோ மடக்கவோ முடியாத நிலை ஏற்படலாம், குழந்தைகளுக்கும் இது நேரும். எக்ஸ்ரே எடுத்து முறிவு இல்லை என்று உறுதியாகும்வரை அடிபட்ட இடத்தில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். வெறும் சுளுக்காக இருந்தாலும் முதல் இரண்டு நாளுக்கு ஓய்வும் ஐஸ் ஒத்தடமும் போதும்.

சாதாரண முதுகு வலிக்கும் தோள் வலிக்கும் வீட்டிலேயே ஒருவர் மற்றவருக்குச் செய்துவிடலாம். புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன் முயன்று பார்க்கக்கூடியவற்றில் வெந்நீர் ஒத்தடத்துடன் மசாஜையும் சேர்த்து அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைத்தது. மசாஜுக்கான சான்று வலுவானதல்ல என்பதையும் அதுவே குறிப்பிட்டது.

இரண்டு மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் சூடு கைமீறிவிடும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டு இதமாக இருக்கிறதா என்று பாருங்கள். படுப்பவரைக் குப்புறப் படுக்கவைத்து, மார்புக்கடியிலும் கணுக்காலுக்கடியிலும் மெல்லிய தலையணை கொடுங்கள். இடுப்பிலிருந்து தோள்வரை இரு உள்ளங்கைகளாலும் மேல்நோக்கி நீவி, கைகளைப் பக்கவாட்டில் அழுத்தமின்றிக் கீழே கொண்டுவாருங்கள். ஐந்து நிமிடம் இப்படிச் செய்தால் தோலும் தசையும் சூடேறும்.

பிறகு கழுத்துக்கும் தோள் முனைக்கும் இடையிலுள்ள தடித்த தசையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே பிடித்து, சற்றே தூக்கிப் பிசைந்து விடுங்கள். அங்கே கையில் நெருடும் கட்டி தென்பட்டால் கட்டைவிரலை அதன்மேல் வைத்து, மூச்சை வெளியே விடச் சொல்லி, 20 முதல் 30 வினாடி வரை அழுத்தத்தை மாற்றாமல் வைத்திருங்கள். விரலுக்கடியில் அது மெல்லக் குழைவதை உணரலாம். முதுகெலும்பின் மேல் ஒருபோதும் அழுத்தக்கூடாது, அதன் இருபுறமும் ஒரு விரற்கடை தள்ளியே கட்டைவிரல் நகர வேண்டும். விரல் வலுவை நம்பாமல் உங்கள் உடல் எடையைச் சாய்த்துக் கொடுத்தால் நீங்களும் களைக்க மாட்டீர்கள். கழுத்தின் முன்புறமும் முழங்காலின் பின்குழியும் இரத்தக் குழாய்கள் ஓடும் இடங்கள் என்பதால் அங்கே அழுத்தம் வேண்டாம். இருபது நிமிடத்தில் முடித்துக்கொண்டு, மெதுவாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள். எண்ணெய்க் காலுடன் குளியலறைக்குப் போகும் முதியவர்கள் வழுக்கி விழாமல் உள்ளங்காலைத் துடைத்துவிடுங்கள்.

காய்ச்சல், புண், தோல் தொற்று இருக்கும்போது மசாஜ் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடும் அழுத்தமும் அளவு மீறுவது தெரியாது. ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, சூடாகி வலித்தால், உள்ளே இரத்தக் கட்டி இருக்கலாம். பிடித்துவிடும்போது அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. முதுகு வலியுடன் கால் பலமிழந்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.